தாத்தா பாட்டிக்கு நம் ஊர் மரத்தில் கைத்தடி

கடையில் வாங்கும் கைத்தடி பலருக்கு உயரம் பொருந்துவதில்லை. கடைசியில் தோள்தான் வலிக்கிறது. தோட்டத்துக் கிளையிலேயே அளவாகச் செய்துவிடலாம்.

1. கருவேலம், புளி, கல்மூங்கில் இவற்றில் ஒன்றை எடுங்கள். ஆள் பாரத்தைத் தாங்கும். முருங்கை வேண்டவே வேண்டாம், சட்டென்று முறியும்.

2. ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல் கனமுள்ள நேரான கிளையை, ஒரு சாண் நீளம் கூட்டியே வெட்டுங்கள். காயும்போது முனை வெடித்தால் நறுக்கிவிடலாம். கிளை பிரியும் இடத்தோடு வெட்டினால் கைப்பிடி தானாக அமையும்; ஒட்டுப்போட்டதுபோல் கழலாது.

3. இரு முனையிலும் மெழுகு பூசி, நிழலில் சில மாதம் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் விரிசல் விழும். மூங்கிலை முதலில் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மாவுச்சத்து கரைந்தால் வண்டு துளைப்பது குறையும்.

4. அளவில்தான் அவசரமே கூடாது. வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்புவரை உள்ள உயரமே தடியின் உயரம். அப்போதுதான் முழங்கை லேசாக மடங்கும், தோள் தூக்காது. அடியில் மாட்டும் ரப்பர் பூணையும் சேர்த்தே அளந்து அறுங்கள்.

5. உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். ஈரம் எளிதில் இறங்காது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

6. ரப்பர் பூண் இல்லாமல் கையில் கொடுக்காதீர்கள். ஈரத் தரையில் வெறும் கட்டை வழுக்கும். தேய்ந்ததும் மாற்றுங்கள்.

ஒரு காலில் மட்டும் வலி என்றால், தடியை மறுபக்கக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள்.