ஊட்டிக்கு வேன் வேண்டாம்

அன்புள்ள கவிதாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. வேன்காரர் தந்த கொட்டேஷனைப் போட்டோ பிடித்து அனுப்பி, மே மாதம் ஊட்டிக்கு இது கட்டுமா என்று கேட்டிருந்தாய். கட்டாது அம்மா.

அதில் கொட்டை எழுத்தில் இருக்கும் கிலோமீட்டர் ரேட்டைப் பார்த்து மயங்காதே. அடியில் பொடி எழுத்தில் ‘நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ.’ என்று இருக்கிறதே, அதைப் படி. ஊட்டியில் ஏரியும் பூங்காவும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. தொட்டபெட்டா 10 கி.மீ. பைக்காரா போய்வந்தால் 40 சொச்சம். நாள் முழுக்கச் சுற்றினாலும் வண்டி 100 கி.மீ. ஓடாது, ஆனால் நீ 250-க்குக் காசு கொடுப்பாய். அதற்கு மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங். இது போதாதென்று, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தலைவலியே இல்லை.

ரயிலில் போங்கள். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். தூங்குகிற நேரத்தில் ஊர் போய்ச் சேர்வதால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம். அங்கிருந்து மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைத்தால் யோகம்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அது ஏறுவதைக் குழந்தைகள் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் அரசு பஸ்ஸில் குன்னூர் ஏறிவிட்டு, அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் போகலாம். பல்சக்கரம் அந்தப் பகுதியில் கிடையாது. சின்னவளுக்கு அது தெரியப்போவதில்லை.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. காலை 8 மணிக்குக் கையில் போனோடு உட்கார். உன் ரயில் முன்பதிவுக் கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இன்றைக்கே முடித்துவை, அது இல்லாமல் முன்பதிவு திறக்கும் நேரத்தில் டிக்கெட் போடவே முடியாது. நம் வீட்டில் எல்லாரும் கோட்டை விடுவது திரும்பி வரும் டிக்கெட்டில். போகிற டிக்கெட் கைக்கு வந்த சந்தோஷத்தில் மற்றதை மறந்துவிடுவார்கள். திரும்பும் தேதிக்கு முன்பதிவு நாலு நாள் கழித்துத்தான் திறக்கும், அதற்கும் ஒரு அலாரம் வை. இல்லாவிட்டால் லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை இரவு ஆம்னி பஸ்காரர் சொன்னதுதான் விலை. மொத்தப் பயணத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்த ஒரு ராத்திரி விழுங்கிவிடும்.

மே மாதம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு லீவு ஊட்டியின் இரண்டாவது சீசன். கூட்டமும் வாடகையும் மே மாத அளவுக்கு இருக்காது. அக்டோபருக்குத் தள்ளிப்போனால் மட்டும் யோசி, வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு மே மாதத்தை விட்டால் லீவே இல்லை என்றால், திங்கள் முதல் வியாழனுக்குள் போய்வந்துவிடுங்கள். குன்னூரில் தங்குங்கள். ரூம் போடும்போது 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணி செக்-அவுட்டா என்று கேட்டுக்கொள். காலையில் போய் இறங்குகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

கஞ்சத்தனம் கூடாத இடங்களும் உண்டு. சின்னவளுக்கு 4 வயது, டிக்கெட் வேண்டாம். பெரியவனுக்கு 8 வயது; பெர்த் கேட்காவிட்டால் அரை டிக்கெட், கேட்டால் முழு டிக்கெட். அரை டிக்கெட் எடுத்து அவனையும் உன் பெர்த்தில் இடுக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்காதே. அதேபோல, மூன்று வேளையும் பிரெட்டும் ஜாமும் என்று டப்பா கட்டிக்கொண்டு போகாதே. அந்தக் குளிரில் பிள்ளைகள் சூடாக ஏதாவது கேட்பார்கள், வாங்கிக் கொடு.

அண்ணியும் வருவதாகச் சொன்னாய். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதே. ஆனால் லோயர் பெர்த் கோட்டா இருக்கிறது. 45 வயதைத் தாண்டிய பெண்கள் தனியாகப் போனால் அதில் கேட்கலாம். உங்கள் எல்லாரோடும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கோட்டாவில் வராது. அவர் முழங்காலுக்கு மிடில் பெர்த் ஏற முடியாது. அவருக்கு மட்டும் தனி டிக்கெட்டாகப் போடு.

ஸ்வெட்டர் எதுவும் வாங்காதே. இங்கே பெட்டியில் நாலு இருக்கிறது. அடுத்த வாரம் உன் சித்தி சென்னை வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா