இணைய விற்பனையில் எண்ணாமல் நேரும் பிழையும் குறை மதிப்பும்

விளைபொருள்களைத் தரகரிடம் கொடாமல் இணையம் வாயிலாக விற்றுத் தபாலில் அனுப்பும் வழக்கம் குடியானவர்களிடையே பரவி வருகிறது. இவ்வியாபாரத்தில் வாங்குவோர் சரக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. முன்னர் வாங்கியவர்கள் இட்ட மதிப்பையே நம்புகின்றனர். ஆகவே, எண்ணாமல் நேர்ந்த பிழைக்குக் குறை மதிப்பு இடுவது நியாயமாகுமா என்பது ஆராயத்தக்கது.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டில் தோன்றிய ஈபே என்னும் விற்பனைத் தளம் 1996-ல் இம்முறையைக் கொண்டு வந்தது. திருப்திக்கு ஒன்று கூட்டப்படும். குறைக்கு ஒன்று கழிக்கப்படும். முதலில் விற்போரும் வாங்குவோருக்குக் குறை மதிப்பு இடலாம் என்றிருந்தது. பழிக்குப் பழியாகத் தமக்கும் குறை வருமென்று அஞ்சி வாங்குவோர் பலர் வாளாவிருந்தனர். 2008-ல் விற்போரின் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அதன்பின் அச்சம் விற்போர் பக்கம் சென்றது.

அவ்வச்சம் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. ஆண்டில் 2,000 மதிப்புகள் பெறும் பெருவியாபாரிக்கு ஒரு குறை நேர்ந்தால் 99.95 சதவிகிதம் நல்மதிப்பு எஞ்சும். 20 மட்டுமே பெறும் சிறு குடியானவருக்கோ அதே ஒரு குறையால் 95 ஆக இறங்கிவிடும்.

ஒரு கிலோ மஞ்சள் கேட்டவருக்கு அரைக் கிலோ சென்றுவிட்டதெனக் கொள்வோம். முதலில் விற்றவருக்கு எழுதிக் கேட்பதே முறை. அவர் மீதியைத் தம் செலவில் உடனே அனுப்பினாராயின் குறை மதிப்பு இடுதல் தகாது. சாக்குப்போக்குச் சொல்லிக் காலங்கடத்தினால் இடுவதில் தவறில்லை. அவசரப்பட்டு இட்டுவிட்டவரிடம் அதைத் திருத்தித் தரும்படி விற்பவர் கேட்பதற்கும் ஈபேயில் வழியுண்டு.

விதையின் விஷயம் வேறு. உரிமம் பெற்ற நாணயமான விதை வியாபாரியிடத்தும் சீட்டு மாறிப்போவதுண்டு. சுமார் 110 நாளில் விளையும் ஆடுதுறை 36 என்ற சீட்டுடன், 155 நாளுக்கு மேற்படும் சி.ஆர். 1009 சென்றதாயின், பிழை தெரியும்போது பயிர் வயலில் நிற்கும். பணத்தைத் திருப்பினாலும் கழிந்த பருவம் வாராது. விற்றவர் நல்லவர் என்பதற்காக இதை மறைத்தால், அதே குவியலில் வாங்கிய பிறரும் நஷ்டமடைவர். ஆதலின் இங்கே குறையை வெளியிடத்தான் வேண்டும். ஆனால் ‘மோசக்காரர்’ என்றெழுதுவது அநியாயம். ரகம், குவியல் எண், கதிர் வந்த நாள், விற்றவர் செய்த பரிகாரம் ஆகியவற்றை மாத்திரம் எழுதுக.

விதை விற்போர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு கைப்பிடி மாதிரியைப் பெயரும் தேதியும் இட்டு அறுவடை வரையில் வைத்திருக்க வேண்டும். புகார் வந்தால் பிழை எவ்விடத்ததென்று அறிய அம்மாதிரி உதவும்.