நெபுலாவுக்குள் நடராஜர்: நான் வரைந்ததும், சொல்லாமல் விட்டதும்



போன மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு ஒரு போஸ்டர் செய்து தரச் சொல்லி நம் வகுப்பில் கேட்டார்கள். நான் பொறியியல் மாணவன், ஓவியன் இல்லை. ஆனால் கிரகம், நெபுலா எல்லாம் கணினியில் வரைவது எனக்குப் பைத்தியம். மார்சிலிங்கில் எங்கள் வீட்டு அறையில் நாலு ராத்திரி உட்கார்ந்து சிவப்பும் நீலமுமாக ஒரு நெபுலா வரைந்தேன். உற்றுப் பார்த்தால் அதன் புகைக்குள் நடராஜரின் தூக்கிய திருவடி தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.

பத்து நாள் கழித்து அதே படம் அம்மாவின் கைப்பேசிக்கு வேறொருவரிடமிருந்து வந்தது. "நாசா எடுத்த படம்! விண்வெளியில் நடராஜர்! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!" ஓரத்தில் இருந்த என் கையெழுத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். ஈப்போவில் இருக்கும் அத்தை அதை அச்சடித்து, சட்டம் போட்டு, பூஜை அறையில் மாட்டிவிட்டார் என்று அப்பா சொன்னார்.

அத்தையிடம் நான் என்ன சொன்னேன் என்பது கடைசியில். அதற்கு முன்னால், இந்தப் படங்களை எப்படி வரைவது என்று பார்ப்போம். வரையத் தெரிந்தால்தான் எது வரைந்தது, எது எடுத்தது என்று பிரித்துப் பார்க்கவும் தெரியும்.

முதலில் நிஜ வானம்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குக் கீழே இறங்கிக் கிழக்கே பாருங்கள். நம் ஊர் விளக்கு வெளிச்சத்திலும் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அது ஓரியனின் இடுப்புப் பட்டை. பட்டைக்கு ஒரு பக்கம் சிவப்பாக மின்னுவதுதான் நம் திருவாதிரை, ஆங்கிலப் பெயர் பீட்டல்ஜூஸ். மறுபக்கம் நீலவெள்ளையாக இருப்பது ரைகல். மார்கழியில் நிலா திருவாதிரையோடு சேரும் நாள்தான் ஆருத்ரா தரிசனம்.

நெபுலா என்பது விண்வெளியில் மிதக்கும் வாயுவும் தூசியும். வரைவதற்கு மூன்று வகை தெரிந்தால் போதும்.

ஒன்று, தானே ஒளிரும் நெபுலா. பட்டைக்கும் ரைகலுக்கும் நடுவே, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் ஓரியன் நெபுலா இருக்கிறது. உள்ளே பிறந்த சூடான நட்சத்திரங்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜனை ஒளிரவைக்கின்றன. அதன் நிறம் சிவப்பு.

இரண்டு, ஒளியைச் சிதறடிக்கும் நெபுலா. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி நீலப் புகை உண்டு. அது தானாக ஒளிர்வதில்லை. நட்சத்திர ஒளியில் நீலத்தைத் தூசி அதிகமாகச் சிதறடிப்பதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது.

மூன்று, இருண்ட நெபுலா. பட்டைக்குப் பக்கத்திலேயே குதிரைத் தலை நெபுலா இருக்கிறது. அடர்த்தியான தூசி பின்னால் இருக்கும் ஒளியை மறைப்பதால் கறுப்பாக நிற்கிறது.

நெபுலா வரையும் முறை

கிரிட்டா, கிம்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள். பழைய மடிக்கணினியே போதும்.

பின்னணியை முழுக் கறுப்பாக வைக்காதீர்கள். கொஞ்சம் நீலம் கலந்த கருமை ஆழம் தரும். அதன்மேல் ஒரு புது லேயர் போட்டு, மென்மையான பெரிய பிரஷ்ஷால் சிவப்பைப் பரப்புங்கள். லேயரை 'ஸ்கிரீன்' முறைக்கு மாற்றினால், வண்ணம் மை மாதிரி ஒட்டாமல் வெளிச்சம் மாதிரி சேரும். அடுத்த லேயரில் தூசி. இதைக் கறுப்பால் வரையுங்கள். ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் தவறு, வெளிச்சத்தை மட்டும் வரைந்துவிட்டு இருட்டை மறந்துவிடுவது. நெபுலாவுக்கு உருவம் கொடுப்பதே அந்த இருட்டுத்தான்.

பிறகு நட்சத்திரங்கள். நூறு வைத்தால் தொண்ணூறு வெறும் புள்ளியாக இருக்க வேண்டும். நாலைந்து மட்டும் பெரிதாக இருக்கலாம். நீலம் சூடு, சிவப்பு அதைவிடக் குறைந்த சூடு. நம் அடுப்பு நெருப்பும் அப்படித்தான். பெரிய நட்சத்திரத்திலிருந்து கோடு இழுத்தால் கணக்கோடு இழுங்கள். ஹபிள் படத்தில் நாலு கோடு வரும். வெப் தொலைநோக்கியின் படத்தில் ஆறு பெரிய கோடும் இரண்டு சின்னக் கோடும் வரும். அவை நட்சத்திரத்தில் இல்லை, தொலைநோக்கியின் கண்ணாடியும் அதைத் தாங்கும் கம்பிகளும் உண்டாக்குபவை.

கிரகம் வரையும் முறை

முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். வட்டத்தின் ஒரு பாதியில் வெளிச்சம், மறுபாதியில் இருட்டு. வளிமண்டலம் இருந்தால் வெளிச்சமான விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு. சனி என்றால் வளையத்தின் நிழல் கிரகத்தின் மேலும், கிரகத்தின் நிழல் வளையத்தின் மேலும் விழ வேண்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன். பிறை நிலா படத்தில், பிறையின் இரு முனைகளுக்கு நடுவே நட்சத்திரம் இருக்கிறதா? இருந்தால் அது வரைந்தது. நிலாவின் இருண்ட பாதியும் அங்கேதான் இருக்கிறது; அதைத் தாண்டி எந்த நட்சத்திரமும் தெரியாது.

அப்படியானால் நாசா படமும் வண்ணம் பூசியதுதானே?

இது நல்ல கேள்வி. நானே என் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்த இதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

1995இல் ஹபிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் 1999இல் ஏவப்பட்டது சந்திரா தொலைநோக்கி. அது பார்ப்பது எக்ஸ் கதிர்களை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு நிஜ நிறம் ஏது? அதன் படங்களில் இருக்கும் எல்லா நிறமும் நாம் கொடுத்ததுதான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் படத்தில் எந்த இடத்தைத் தொட்டு "இங்கே ஏன் சிவப்பு?" என்று கேட்டாலும் பதில் இருக்கிறது. எந்த வடிகட்டி, எந்த நிறம் என்று படத்தோடு எழுதியும் வைக்கிறார்கள். என் படத்தைத் தொட்டுக் கேட்டால், "அழகா இருந்துச்சு, அதான்" என்பதுதான் பதில். அழகுக்காக வரைவது தப்பில்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

அத்தை சொன்னது

இரண்டு நாள் தயங்கிவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன். "அத்தை, அது நாசா படம் இல்ல. நான் வரைஞ்சது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா" என்றார். குரலில் வருத்தம். மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவரே சொன்னார்: "கோயில்ல இருக்கிற நடராஜரும் ஒரு ஸ்தபதி செஞ்சதுதான். அவரை நான் கும்பிடலையா? ஆனா அந்த ஸ்தபதி, இது வானத்துல எடுத்த படம்னு யார்கிட்டயும் சொல்லல. நீயே எல்லாருக்கும் சொல்லிடு."

ஒரு குரல் பதிவு செய்து அனுப்பினேன். அத்தை அதைத் தெரிந்த குழுக்களில் எல்லாம் போட்டார். பலர் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "இந்துப் பையனா இருந்துட்டு நீயே இப்படிச் சொல்லலாமா?" என்று கோபமாக எழுதினார்.

அதைப் பற்றி நிறைய யோசித்தேன். நம் சாமிக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? பொய்யான ஒரு படத்தின் மேல் நம்பிக்கையை வைத்தால், படம் பொய் என்று தெரியும் நாளில் பிள்ளைகள் சாமியையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். வள்ளுவர் வாய்மைக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். 'பக்திக்காகச் சொன்னால் பரவாயில்லை' என்று அதில் விதிவிலக்கு எதையும் நான் பார்க்கவில்லை.

அத்தை படத்தைக் கழற்றவில்லை. சட்டத்தின் கீழே பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்: "என் அண்ணன் மகன் வரைந்தது."

செய்து பாருங்கள்

1. மேலே சொன்ன மூன்று வகை நெபுலாவில் ஒன்றை வரையுங்கள். படத்திலேயே, வெட்ட முடியாத இடத்தில், 'வரைந்தது' என்று எழுதுங்கள்.

2. உங்கள் கைப்பேசிக்கு வந்த ஒரு விண்வெளிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், நட்சத்திரத்துக்கு எத்தனை கோடு, யார் எடுத்தது என்று தேடிப் பாருங்கள்.

3. கலந்து பேச: வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்தியோடு அனுப்பிய தகவல் பொய் என்று தெரிந்தால், அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்த வகுப்புக்குப் படங்களைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.