பார்த்தவர்கள் சொல்வதை எப்படிக் கேட்பது?

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகன், மருமகளோடு உட்கார்ந்து ஏதாவது ஒரு தொடரோ நகைச்சுவை நிகழ்ச்சியோ பார்ப்பது வழக்கம். எதைப் பார்ப்பது என்பதை அவர்கள் இணையத்தில் இருக்கும் மதிப்பெண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். ‘தி பேர்’ நகைச்சுவைப் பிரிவில் விருதுகளை அள்ளிய தொடர் என்றார்கள். எனக்கு ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை, படபடப்புதான் வந்தது. ‘அடோலசன்ஸ்’ என்னை உலுக்கிவிட்டது. ஆனால் என் தங்கை, “கதையே நகரலை” என்று நடுவில் நிறுத்திவிட்டாள். மேடை நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெலின் நிகழ்ச்சிக்கு விமர்சகர்கள் தந்தது 35, பார்வையாளர்கள் தந்தது 99. ஹன்னா கேட்ஸ்பியின் நிகழ்ச்சிக்கு அப்படியே தலைகீழ். யார் சொல்வதைக் கேட்பது? என்னைப் போன்ற சாதாரணப் பார்வையாளரின் கருத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: உண்டு. ஆனால் அந்த மதிப்பு நீங்கள் போடும் மார்க்கில் இல்லை. “படபடப்பு வந்தது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் இருக்கிறது. ‘தி பேர்’ பற்றி விருதுப் பட்டியல் சொல்வதைவிட அந்த இரண்டு சொற்கள் அதிகம் சொல்கின்றன. சிகாகோவில் ஒரு சாண்ட்விச் கடை. அண்ணன் தற்கொலை செய்துகொள்ள, கடையும் அதன் கடனும் தம்பி தலையில் விழுகின்றன. கத்தலும் வியர்வையும் எண்ணெய்ப் புகையுமாக ஓடும் அந்தச் சமையலறையைப் பார்த்து உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால், எடுத்தவர்கள் நினைத்தது நடந்துவிட்டது.

பிறகு ஏன் நகைச்சுவைப் பிரிவு? அரை மணி நேர அளவில் வரும் தொடரை நகைச்சுவை என்றும், ஒரு மணி நேரத் தொடரை டிராமா என்றும் பிரிப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுநாள் பழக்கம். எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்று விண்ணப்பிப்பவர்கள் தயாரிப்பாளர்கள். ‘தி பேர்’ 2024 எம்மி விருதுகளில் நகைச்சுவைப் பிரிவில் 23 பரிந்துரைகள் பெற்றது, அதுவரை எந்த நகைச்சுவைத் தொடருக்கும் கிடைக்காத எண்ணிக்கை. அந்த செப்டம்பரில் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான விருது ‘ஹேக்ஸ்’ தொடருக்குப் போனது. “இதில் சிரிப்பு எங்கே?” என்று உங்களைப் போலவே அமெரிக்காவிலும் ஏராளமான பார்வையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதில் தவறே இல்லை. சிரிக்கலாம் என்று சொல்லி உட்காரவைத்தால் சிரிப்பைத்தான் தேடுவோம்.

நீங்கள் குறிப்பிட்ட 35, 99 என்ற எண்களை வீட்டில் எல்லோரும் பரீட்சை மார்க் போலவே படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 35 சதவீதம் என்றால் நூற்றுக்கு 35 மார்க் வாங்கிய நிகழ்ச்சி என்று பொருள் அல்ல. விமர்சனம் எழுதியவர்களில் 35 சதவீதம் பேர் மொத்தத்தில் நல்லபடியாக எழுதினார்கள் என்பது மட்டுமே. எல்லோரும் “பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்” என்று எழுதினாலும் 100 வந்துவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் திட்டினால் 50தான். பார்வையாளர் பக்கத்திலும் இதே கணக்கு: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதே அங்கே தெரிவது. எவ்வளவு பிடித்தது என்பதற்கு அதில் இடமே இல்லை.

டேவ் சாப்பெலின் ‘ஸ்டிக்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்’ 2019 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அதற்கு யார் மதிப்பெண் போட்டிருப்பார்கள்? சாப்பெலை ஏற்கெனவே பல வருடங்களாக ரசித்து வந்தவர்கள். அவரைப் பிடிக்காதவர்களில் பெரும்பாலோர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவே மாட்டார்கள். அதோடு, விமர்சகர்கள் அதைக் கண்டித்தது செய்தியானதும், அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே முழு நட்சத்திரம் போட்டவர்களும் உண்டு. ஆக, அந்த 99இல் ரசனை கொஞ்சம், விசுவாசம் கொஞ்சம், கோபம் கொஞ்சம். விமர்சகர்களின் 35 மட்டும் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் அதில் இருந்த பாலினச் சிறுபான்மையினர் பற்றிய கேலியை எடைபோட்டார்களே தவிர, மேடைக் கலைஞராக அவர் எப்படி நேரம் பார்த்துச் சொல்கிறார், எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதைப் பற்றிக் குறைவாகவே எழுதினார்கள். எனக்கு அந்தக் கேலிகளில் சில பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய தொழில் நேர்த்தியைப் பற்றிச் சந்தேகம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு எண்ணால் முடியாது. அடுத்த ஆண்டு அதே நிகழ்ச்சிக்குச் சிறந்த நகைச்சுவை ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது.

ஹன்னா கேட்ஸ்பியின் ‘நேனட்’ விஷயம் வேறு. 2018இல் வந்த அந்த நிகழ்ச்சியில், அவர் முதலில் வழக்கம்போலச் சிரிக்கவைக்கிறார். பிறகு நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று மேடையிலேயே விளக்குகிறார்: கேட்பவர்களிடம் ஓர் இறுக்கத்தை உண்டாக்குவது, பின் அதைச் சிரிப்பால் அவிழ்த்துவிடுவது. அதற்குப் பின் தன் வாழ்க்கையில் நடந்த வன்முறையைச் சொல்கிறார். இந்த முறை இறுக்கத்தை அவிழ்த்துவிட மறுக்கிறார். வேண்டுமென்றே. “இது காமெடியே இல்லை, பிரசங்கம்” என்று பார்வையாளர்கள் எழுதினார்கள். அவர்கள் கவனித்தது சரி, அதைக் குறையாகக் கொண்டதில்தான் நான் மாறுபடுகிறேன். சிரிப்பு நின்றுபோன இடம்தான் அந்த நிகழ்ச்சியின் உயிர். 2019இல் எழுத்துக்காக எம்மி பெற்றது இந்தக் கட்டமைப்புக்காகத்தான் என்பது என் எண்ணம். ஆனாலும், நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குச் சிரிக்கலாம் என்று உட்கார்ந்தவர் ஏமாற்றம் அடைந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நகைச்சுவைக்கு இன்னொன்றும் உண்டு. யாரோடு பார்த்தோம் என்பது தீர்ப்பையே மாற்றிவிடும். சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். நாம் திரையில் பார்க்கும் தனிநபர் நிகழ்ச்சி நூற்றுக்கணக்கானோர், சில சமயம் ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் எடுத்தது. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிகளைப் படம்பிடித்து, நன்றாக எடுபட்ட இடங்களைச் சேர்த்துத் தொகுப்பார்கள். அதை, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, கைபேசியில் தனியே பார்த்த ஒருவர் “சிரிப்பே வரலை” என்கிறார். நான்கு பேர் சேர்ந்து பார்த்த வீட்டில் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். இரண்டும் உண்மை. நம்மூர் நகைச்சுவைக் கலைஞர் அலெக்ஸாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்’ நம் வீடுகளில் அவ்வளவு கொண்டாடப்பட்டதற்கும் இதில் பங்கு உண்டு. அது திரைப்பாட்டையும் பாடகர்களையும் வைத்துப் பின்னியது. பாட்டு தெரிந்த அப்பா முதலில் சிரிப்பார், அவர் சிரிப்பதைப் பார்த்து பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பாட்டுகளோடு வளராத ஒருவர் தனியே பார்த்தால் அவருக்குக் கிடைப்பது வேறு நிகழ்ச்சி.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். “கதையே நகரலை” என்று அவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். ‘அடோலசன்ஸ்’ நான்கே பகுதி, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. 13 வயதுப் பையனைக் கொலைக் குற்றச்சாட்டில் கைது செய்வதில் தொடங்குகிறது. யார் செய்தது என்ற கேள்விக்கு முதல் பகுதி முடிவதற்குள் பதில் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு தொடர் கேட்பது ‘ஏன்’ என்பதை மட்டும். மூன்றாவது பகுதி கிட்டத்தட்ட முழுக்க ஓர் அறையில் அந்தப் பையனும் உளவியலாளரும் பேசுவது. துப்பறியும் கதை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு இரண்டாவது பகுதியிலேயே பிடி நழுவும். ஆசிரியையாக இருந்த உங்களுக்கோ அந்தப் பள்ளிக்கூடக் காட்சிகளில் தெரிந்த முகங்கள் இருந்திருக்கும். நீங்கள் இருவரும் சண்டை போட வேண்டியதில்லை, வெவ்வேறு கேள்விகளோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நடுவில் விட்டுப் போனவர்களின் கருத்து மதிப்பெண்ணில் சேர்வதே அரிது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். பல தொடர்களுக்கு முதல் சீசனைவிட அடுத்தடுத்த சீசன்களுக்கு மதிப்பெண் கூடுதலாக இருக்கும். ‘தி ஆபீஸ்’ அமெரிக்கத் தொடரின் முதல் சீசன் அப்படிப்பட்டது. தொடர் தேறியது ஒரு காரணம்தான். பிடிக்காதவர்கள் எழுந்து போய்விட்டார்கள், மீதி இருப்பவர்கள்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்பது இன்னொரு காரணம். அதனால் “நாலு எபிசோடு தாண்டிட்டா சூப்பரா இருக்கும்” என்று யாராவது சொன்னால், தாண்ட முடியாதவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த மதிப்பெண்களின் பலவீனம் அவற்றை நடத்துகிறவர்களுக்கே தெரியும். நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டுக் கட்டைவிரல் முறைக்கு மாறியது. ஆவணப்படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, மூன்று போட்ட லேசான நகைச்சுவைப் படத்தைத்தான் மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நட்சத்திரம் போடும்போது நாம் எப்படிப்பட்ட ரசிகர் என்று காட்டிக்கொள்ள நினைக்கிறோம். களைத்துப்போன ராத்திரியில் அந்த எண்ணம் இருக்காது. 2022இல் ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் வந்தபோது அமேசான் பார்வையாளர் விமர்சனங்களை 72 மணி நேரம் நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே வெளியிட்டது. பார்க்காமலேயே திட்டமிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கும் கூட்டம் அவ்வளவு பெரிதாகிவிட்டிருந்தது.

இத்தனை சொன்ன பிறகும் சாதாரணப் பார்வையாளரை ஏன் நம்பச் சொல்கிறேன்? 2019 ஏப்ரல் 28 அன்று ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசனின் மூன்றாவது பகுதி ஒளிபரப்பானது. 82 நிமிடம், பெரும்பகுதி இரவுப் போர். மறுநாள் உலகம் முழுக்க ஒரே புகார்: இருட்டாக இருக்கிறது, யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், வீட்டுத் தொலைக்காட்சிகள் சரியாக அமைக்கப்படவில்லை என்றார். படத்தைச் சுருக்கி அனுப்பும்போது இருட்டுப் பகுதிகள் கட்டம் கட்டமாகச் சிதைவதும் காரணமாகப் பேசப்பட்டது. தொழில்நுட்பம் தெரியாத லட்சக்கணக்கானவர்கள், தங்கள் வீட்டுத் திரையில் என்ன தெரிந்தது என்பதை மட்டும் சொன்னார்கள். பார்வையாளரின் வீட்டில் அந்தப் படம் என்ன ஆகிறது என்பதற்கு அவர்களே நேரடிச் சாட்சி. அதே சீசன் “அவசர அவசரமாக முடிந்தது” என்று சொன்னதும் அப்படித்தான். முதல் ஆறு சீசன்களும் பத்துப் பத்துப் பகுதிகள், ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. எண்ணிக்கை தெரியாதவர்களுக்கும் ஓட்டம் தெரிந்திருந்தது. கடைசி சீசனைத் திரும்ப எடுங்கள் என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பரிகாரம் எனக்கு உடன்பாடில்லை. நோவைச் சரியாகச் சொல்பவர் மருந்தையும் சரியாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பார்வையாளரின் தீர்ப்பு தவறியதும் உண்டு. அதற்கு ‘சைன்ஃபெல்ட்’ நகைச்சுவைத் தொடர் நல்ல சாட்சி. 1989இல் அதன் முன்னோட்டப் பகுதியைச் சோதனைப் பார்வையாளர்களுக்குக் காட்டியபோது அறிக்கை ‘பலவீனம்’ என்றே வந்தது. என்.பி.சி. அதிகாரி ரிக் லட்வின் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கான பணத்திலிருந்து ஒதுக்கி, இன்னும் நான்கே நான்கு பகுதிகள் எடுக்கவைத்தார். தொடர் 1998 வரை ஒன்பது சீசன் ஓடியது. புதுவகையான ஒன்றை முதல்முறை பார்ப்பவரிடம் உடனே தீர்ப்புக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

இன்னொரு காரியத்தில் விமர்சகர்கள் உங்களுக்கு உதவவே மாட்டார்கள். மாமியார், மருமகள், பத்து வயதுப் பிள்ளை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா? கெட்ட வார்த்தை எவ்வளவு? தமிழ்க் குரல் பொருந்துகிறதா, அல்லது வசனத்தைப் படித்துக்கொண்டே பார்க்க வேண்டுமா? தூங்கப் போகும்முன் பார்த்தால் மனம் கலங்குமா? இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்வார். அவர் “நல்லாருக்கு” என்றால் விட்டுவிடாதீர்கள். எந்தக் காட்சி, யாரோடு பார்த்தீர்கள், ஒரே மூச்சில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அவருக்கு முன்பு எது பிடித்தது என்று உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாத ஆயிரம் பேரின் சராசரியில் அந்தத் தகவல் கிடைக்காது.

‘அடோலசன்ஸ்’ உங்களைப் பிடித்து இழுத்தது என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘தி பேர்’ முதல் சீசனின் ஏழாவது பகுதிவரை நீங்கள் போகவில்லை என்றால், அதை மட்டும் பாருங்கள். இருபது நிமிடம்தான். அதிலும் பெரும்பகுதி வெட்டில்லாத ஒரே ஷாட். பத்திரிகையில் அந்தக் கடையைப் பாராட்டி ஒரு விமர்சனம் வந்திருக்கும் காலை, கூடவே இணையத்தில் ஆர்டர்கள் தாறுமாறாகக் குவிந்துவிட, சமையலறையில் ஒருவரோடு ஒருவர் மோதி எல்லாம் உடையும். சிரிப்பை எதிர்பார்க்காமல் உட்காருங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் தொடரை விட்டுவிடலாம். விட்டால், எந்த நிமிடத்தில் எழுந்தீர்கள் என்பதை மருமகளிடம் சொல்லுங்கள்.