பெற்றவளையும் கேளுங்கள்

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எடை கேட்பார்கள், நிறம் பார்ப்பார்கள், யார் சாடை என்று பேசுவார்கள். பெற்றவளிடம் கேட்பது "பால் இருக்கா?" என்ற ஒன்றைத்தான். ராத்திரி தூங்கினாயா, ஏன் அழுதாய் என்று கேட்க ஆளில்லாத வீடுகளில் கீழே வரும் நம்பிக்கைகள் நிலைத்துவிடுகின்றன.

"பிள்ளை பெத்தவ நாலு நாள் அழத்தான் செய்வா."

பாதி சரி. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகவே தெளிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் விட்டுவிடக் கூடாது. பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது. பிள்ளையைத் தூக்கவே மனம் வராது, இல்லையென்றால் அதற்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயம் ஓயாது. "நான் செத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றுகூடச் சொல்வாள். இதுதான் பேறுகால மனச்சோர்வு. மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். அவள் சோம்பேறியும் இல்லை, திமிர் பிடித்தவளும் இல்லை.

"இதெல்லாம் பணக்கார வீட்டு நோய். வேலைக்குப் போனா சரியாப் போயிரும்."

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமத்துத் தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. பிரசவமான 6 முதல் 12 வாரத்தில் பார்த்தபோது நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதற்குத் துணைபோனவை குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், கூடமாட உதவ ஆளில்லாமை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஊர்களுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்துகிறது. பட்டாசு செய்யும் பயர் ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் பெரும்பாலும் உருப்படிக் கணக்கில்தான் கூலி, கை ஓடினால்தான் காசு. சட்டத்தில் சம்பளத்தோடு 26 வார விடுப்பு இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் பட்டாசுக் குழாய் உருட்டுகிறவளுக்கு அதை யார் தருவது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் ஓரளவு கைகொடுக்கும். 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு ஆலைகள் மூடிக் கிடந்த மாதங்களிலும் இங்கே பிள்ளைகள் பிறந்தன. 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சன்குளம் என்று வெடிவிபத்துகள் பல. சொந்தத்தில் ஒருவரை அதில் இழந்தவள் வயிற்றுப் பிள்ளையோடு அந்தத் துக்கத்தையும் சுமக்கிறாள். அவளை "வேலைக்குப் போ, சரியாயிரும்" என்பது கொடுமை.

பிறந்தது மகள் என்று தாயைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு.

"காத்து கருப்பு அண்டிருச்சு."

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தவறே இல்லை. கட்டிப்போடுவதும் வேப்பிலையால் அடிப்பதும்தான் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்ததை நாம் மறக்கக் கூடாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் தாய்க்கு மனம் பேதலிக்கும். பல நாள் தூங்கமாட்டாள், காதில் குரல் கேட்கிறது என்பாள், இது என் பிள்ளையே இல்லை என்பாள். மனச்சோர்வைவிட இது அவசரமானது. அன்றைக்கே 108-ஐ அழைத்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை அவளைப் பிள்ளையோடு தனியே விடக் கூடாது.

"மாத்திரை போட்டா பால் கொடுக்க முடியாது, பிள்ளையைப் பிரிச்சிருவாங்க."

இந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள். லேசான சோர்வுக்கு ஆலோசனையும் தூக்கமும் வீட்டார் துணையுமே போதும். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன, டாக்டர் மேற்பார்வையில் பால் கொடுக்கலாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, உள்நோயாளியான தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்து தங்க 2009 முதல் தனிப் பிரிவே இருக்கிறது.

எனக்கு ஓர் ஆசை உண்டு. ஒன்றரை மாத ஊசிக்குப் பிள்ளையை எப்படியும் தூக்கி வருகிறார்கள். மனச்சோர்வு தலைகாட்டும் காலமும் அதுதான். அதைக் கண்டறிய எடின்பரோவில் 1987-இல் உருவாக்கிய பத்துக் கேள்விகளின் தமிழ் வடிவம் வேலூரில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிள்ளைக்கு ஊசி போடும் நர்ஸம்மா ஐந்து நிமிடத்தில் அந்தப் பத்தையும் தாயிடம் கேட்டுவிடலாம். கூட்டம் அதிகம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் காட்டலாம். மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழில் பேசலாம். அதற்கு முன்பே, இன்று ராத்திரியே, கணவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அவள் பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை வாங்கி, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பசி வரும்வரை அவளைத் தூங்கவிடுங்கள்.