தண்டு தரும் மூலிகை
(பத்தாம் வகுப்பு மாணவி)

சளிக்கு ஆடாதோடை, காய்ச்சலுக்குச் சீந்தில், கோடைக்கு நன்னாரி என்று நம் பாட்டிமாரின் கைவைத்தியத்திற்குக் குறைவே இல்லை. செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம் வரையுள்ள புதர்க்காடுகளே அதற்குப் பண்டசாலை. அக்காடுகள் இன்று வீட்டு மனைகளாகிச் சுருங்கி வருகின்றன.

இலையைப் பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே அழியும். நாம் ஊறுகாய் போடும் மாகாளிக்கிழங்கு அவ்வாறு தோண்டப்பட்டே அருகிப்போன கொடி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரமஞ்சளைத் தண்டுக்காக அடியோடு வெட்டுகின்றனர். அதன் விதை முளைக்கவோ பல மாதங்கள் ஆகும்.

இத்தகைய செடிகளைப் பெருக்கத் தண்டு நடுதல் ஒரு வழியாகும். பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை, மூன்று நான்கு கணுக்களுடன், ஒரு சாண் நீளத்தில் வெட்ட வேண்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் இரு கணுக்கள் மறையுமாறு நட்டு, நிழலில் ஈரம் காக்க வேண்டும். கணுவருகே உள்ள கேம்பியம் செல்கள் பிரிந்து பெருகி வேற்றிட வேர்களைத் தோற்றுவிக்கின்றன. துளிர் கண்டதும் பிடுங்கி வேறிடத்தில் நடலாகாது. தண்டில் சேமித்த உணவாலேயே துளிர் வந்திருக்கலாம், வேர் வந்திராது. ஆடாதோடை எளிதில் வேர்விடும். சீந்திலோ அறுத்துத் தொங்கவிட்டாலும் உயிர்விடாது! மரமஞ்சள் போன்றவற்றிற்கு இன்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற வேரூக்கி உதவுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தண்டிலிருந்து வளர்வது தாய்ச்செடியின் மறுபதிப்பே. சீந்திலிலும் மரமஞ்சளிலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஒரே ஆண்கொடியிலிருந்து நூறு தண்டுகள் நட்டால் நூறும் ஆண்கொடிகளே. பிறகு காய் ஏது, விதை ஏது? ஒரு நோய் வந்தாலும் நூறும் ஒன்றாக மடியக்கூடும். ஆகவே பல தாய்ச்செடிகளிலிருந்து தண்டு எடுப்பதே அறிவுடைமை.

எந்தப் புதரில் எந்தக் கொடி உள்ளது என்பதை நன்கறிந்தவர்கள் நம் மாவட்டத்து இருளர் மக்கள். 1986ல் தொடங்கிய இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம், செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் மூலிகை நாற்றங்கால் அமைத்தது. பள்ளிப் படிப்பு இல்லாத தாய்மாரும் அங்கே நமக்கு ஆசிரியைகளே.

தோழியரே! காட்டுச் செடியை வேரோடு பிடுங்காதீர்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு தண்டு கொண்டு வந்தால் நம் பள்ளியிலேயே ஒரு மூலிகைத் தோட்டம் உருவாகும். பெயர்ப்பலகையில் செடியின் பெயரோடு, அது எந்தத் தாய்ச்செடியின் பிள்ளை என்பதையும் எழுதி வைப்போம்.