எண் 1: எளிமையின் விலை யார் தலையில்?

அன்புத் தங்கைக்கு,

சிஸ்டம்டி இல்லாத லினக்ஸுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். உன் நண்பர்கள் அதைப் பூதம் என்கிறார்களாம். மாறுவது பிறகு இருக்கட்டும். சண்டை எதைப் பற்றியது என்று முதலில் தெரிந்துகொள்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கெர்னல் இனிட் என்ற ஒரு புரோகிராமைத் தொடங்கும். அதன் புராசஸ் எண் 1. மற்ற சர்வீஸ்களைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. அது செத்தால் கெர்னல் பேனிக் ஆகி மொத்த மெஷினும் நின்றுவிடும். அந்த இடத்தில் இருப்பது சிறியதாக இருக்கட்டும் என்று மூத்தவர்கள் சொன்னதற்கு இதுதான் காரணம்.

பழைய சிஸ்வி இனிட் சிறியதுதான். பாரத்தைச் சுமந்தவை ஷெல் ஸ்கிரிப்டுகள். தொடங்கு, நிறுத்து, ஓடுகிறதா பார் என்று ஒரே சங்கதியை ஒவ்வொரு சர்வீஸுக்கும் எழுத வேண்டும். அவை பெரும்பாலும் வரிசையாகத்தான் ஓடின. நடுவில் ஒரு சர்வீஸ் விழுந்தால் எழுப்ப ஆளில்லை. இனிட் எளிமையாக இருந்தது. விலையைக் கொடுத்தவர் சர்வர் நிர்வாகி.

2010-இல் லெனார்ட் போட்டரிங்கும் கே ஸீவர்ஸும் சிஸ்டம்டி என்ற புதிய இனிட்டைக் கொண்டுவந்தார்கள். நீண்ட ஸ்கிரிப்டுக்குப் பதில் சில வரி யூனிட் ஃபைல் போதும் என்றானது. சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. சிகுரூப் வசதியால், ஒரு சர்வீஸ் பெற்றுப்போட்ட புராசஸ்களையும் தப்பவிடாமல் கணக்கு வைக்க முடிந்தது. 2014 பிப்ரவரியில் டெபியன் லினக்ஸின் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிய, தலைவரின் வாக்கால் சிஸ்டம்டி வென்றது. ஏற்காதவர்கள் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

எதிர்ப்பாளர்களின் குறை இதுதான்: இனிட்டாக வந்தது லாக், லாகின், நெட்வொர்க் என்று வீட்டையே எடுத்துக்கொண்டது. இவற்றில் பெரும்பாலானவை எண் 1-க்கு வெளியே தனித்தனி புராசஸ்களாகத்தான் ஓடுகின்றன. ஆனாலும் குறையில் நியாயம் உண்டு என்பதை 2024 மார்ச் காட்டியது.

ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற லைப்ரரியில் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, துருவிப் பார்த்துப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. "நான் தயார்" என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியன் போன்றவை எஸ்எஸ்எச்சில் லிப்சிஸ்டம்டியை இணைத்திருந்தன. அது எக்ஸ்இசட்டையும் கூடவே இழுத்து வந்தது. அந்தச் செய்தியோ ஒரு சாக்கெட்டில் எழுதும் ஒரே வரி! பின்னர் ஓபன்எஸ்எஸ்எச் குழு, லைப்ரரி இல்லாமலே அதைத் தானே எழுதிக்கொண்டது.

ஆகவே ஒரு மென்பொருளின் பருமனைப் பார்த்து மிரளாதே. அழையாமல் எதெல்லாம் கூட வருகிறது, கழற்ற முடியுமா, மிச்ச வேலை யார் தலையில் விழுகிறது என்று கேள். வாய்ட் லினக்ஸில் ரன்இட் இருக்கிறது: சர்வீஸுக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே ரன் என்று ஒரு குட்டி ஸ்கிரிப்ட், விழுந்தால் திரும்ப எழுப்பிவிடும். ஆல்பைனில் ஓபன்ஆர்சி இருக்கிறது.

ஒரு விர்ச்சுவல் மெஷினில் வாய்டைப் போடு. ஒரே சர்வீஸை ரன்இட்டிலும் சிஸ்டம்டியிலும் எழுதி, இரண்டையும் வேண்டுமென்றே விழவைத்துப் பார். அதன் பிறகு நண்பர்களோடு வாதாடு.

அன்புடன்,
அண்ணன்